ஒரகடத்தில் செய்த இருட்டு

ஸ்ரீபெரும்புதூரில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஆட்டோக்காரர் ஒருவர் என் பெட்டியைப் பார்த்துவிட்டு, "கோயிலுக்கா சார்?" என்று கேட்டார். இல்லை, ஒரு குழாயைப் பார்க்க வந்திருக்கிறேன் என்றேன். "போர் போடறாங்களே, அந்தக் கொழாயா?" என்றார். வானத்தைப் பார்க்கிற குழாய் என்று விளக்கியிருக்கலாம். பயணக் களைப்பில் ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன். அந்த வாரம் முழுக்க அவர் என்னைப் பார்த்த இடத்திலெல்லாம் எத்தனை அடியில் தண்ணீர் வந்தது என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

அது 1991 பிப்ரவரி. நான் பிறந்தது மலேசியாவில், ஈப்போவில். பிழைப்பு ஆஸ்திரேலியாவில், ஒரு மலை உச்சியில். அங்கே ஒரு பெரிய தொலைநோக்கி இருக்கிறது. நான் வானியல் படித்தவன் இல்லை, அதன் நட்டு போல்ட்டுகளைக் கவனிக்கும் மெக்கானிக். பதினோரு வருஷமாக அதனோடுதான் குடித்தனம் என்று என் மனைவி சொல்வாள். அவள் சொல்வதில் தப்பில்லை.

அந்த இயந்திரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நான் பட்ட பாடு யாருக்கும் புரியாது. அதன் அடியில் கிடக்கும் கண்ணாடி ஒரு சின்னப் படுக்கையறை அளவுக்கு அகலம். அதைச் சுமக்கும் இரும்புக்கூட்டைச் சேர்த்தால் பாரம் ஏற்றிய லாரிகள் பலவற்றின் எடை. அவ்வளவும் ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதக்கிறது. மோட்டாரைக் கழற்றிவிட்டால் நான் ஒரு கையால் தள்ளி நகர்த்துவேன். இத்தனை வருஷம் கழித்தும் அப்படித் தள்ளும்போது எனக்குப் புல்லரிக்கிறது.

அந்தக் கண்ணாடியின் நடுவில் ஒரு ஓட்டை. ஓட்டைக்குள் ஆள் உயரத்துக்கும் மேலாக, இரண்டு பேர் தவழ்ந்து போகிற அகலத்தில், ஒரு கறுப்புக் குழாய் நிற்கும். வெயிலில் தூரத்தில் வருகிறவரைப் பார்க்க நாம் புருவத்துக்கு மேல் கை வைத்துக்கொள்கிறோமே, அந்த வேலையைத்தான் அது செய்கிறது. கண்ணாடி சேர்த்துக் கொடுக்கும் வெளிச்சத்தை மட்டும் கேமராவுக்குள் விட்டு, பக்கவாட்டில் வந்து விழுகிற வேண்டாத வெளிச்சத்தை விழுங்கிவிடும். தூக்கும்போது சங்கிலி நழுவி எங்கள் பழைய குழாய் நெளிந்துவிட்டது. புதுக் குழாயை மாட்ட வேண்டுமென்றால் கண்ணாடியைக் கழற்றும் சமயத்தில்தான் முடியும். அது ஏப்ரலில், புதுப் பூச்சுக்காக. அதைத் தவறவிட்டால் இன்னும் ஒரு வருஷம், எடுக்கிற படமெல்லாம் பால் கலந்த தண்ணீர் மாதிரி மங்கலாகத்தான் வரும்.

தமிழ்நாட்டு மலை ஒன்றில் இருக்கும் வானாய்வகத்திலிருந்து எங்களிடம் வந்த நண்பர் ஒருவர், தங்களுக்கு இரும்பு வேலை செய்து கொடுத்த பட்டறை ஒரகடம் சாலையில் இருப்பதாகச் சொன்னார். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். எங்கள் தலைமை இன்ஜினியர் முகத்தைச் சுளித்தார். அவர்கள் செய்வார்கள், நான் பொறுப்பு என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். சென்னைத் துறைமுகத்தில் கப்பல் சனிக்கிழமை. நான் வந்து இறங்கியது திங்கட்கிழமை.

ஒரகடத்துக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு உட்கார இடம் கிடைக்கவில்லை. ஆனால் என் தோள்பையை, கேட்காமலே, உட்கார்ந்திருந்த ஒரு அம்மா வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். அதில் பாஸ்போர்ட் உட்பட எல்லாம் இருந்தது. ஆஸ்திரேலியாவில் யாராவது அப்படி என் பையைப் பிடுங்கினால் கத்தியிருப்பேன். இங்கே இறங்கும் இடம் வந்ததும் அவரே என் முழங்கையைத் தட்டிப் பையை நீட்டினார். வெளியே வயலும் ஏரியும் சவுக்குத் தோப்புமாகப் போய்க்கொண்டிருந்தது. அங்கங்கே புதிதாகக் கம்பி வேலி போட்ட காலி நிலங்கள், கம்பெனி வரப்போகிறதாம்.

பட்டறை ஒரு ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை. முதலாளி ஆறுமுகம் காஞ்சிபுரம் பக்கத்துக்காரர், மோட்டார் கம்பெனி ஒன்றில் ஃபிட்டராக இருந்து வெளியே வந்து சொந்தமாகத் தொடங்கியவர். சட்டைப் பையில் பேனாவுக்குப் பதில் இரும்பு ஸ்கேல் வைத்திருந்தார். குழாயை நடுக்கொட்டகையில் நிற்க வைத்திருந்தார்கள். அதன் இரண்டு வாயையும் பழைய செய்தித்தாள் ஒட்டி மூடியிருந்தார்கள். உள்ளே தூசி போகக்கூடாது என்றார். நியாயம்தான் என்று விட்டுவிட்டேன்.

வெளிப்புறத்தை அன்று மாலைவரை அளந்தேன். வட்டம் என்றால் வட்டம். பற்றவைத்த இடமெல்லாம் சீராகத் தேய்த்து, விரலை வைத்து ஓட்டினால் எங்கே முடிகிறது எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. இதைவிட நல்ல வேலையை நான் சிட்னியில்கூடப் பார்த்ததில்லை. அதை வாய்விட்டுச் சொன்னேன். ஆறுமுகம் சிரிக்கவில்லை. "நாளைக்கு உள்ள பாருங்க சார், அப்பறம் சொல்லுங்க" என்றார்.

அன்று சாப்பாடு அவர் வீட்டில். செம்பரம்பாக்கம் ஏரி விரால் என்றார்கள். புளியும் மிளகாயும் பூண்டும் போட்டு மண்சட்டியில் கொதிக்கவைத்த குழம்பு. எங்கள் ஈப்போ மீன் குழம்பு தேங்காய்ப்பால் இல்லாமல் அடுப்பை விட்டு இறங்காது. இது முதல் வாயிலேயே கண்ணில் தண்ணீர் வரவைத்தது, மூன்றாவது வாயில் நான் தட்டை மறுபடி நீட்டிக்கொண்டிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு கடையில் இட்லியும் வடகறியும். வடையை உடைத்துப் போட்டுச் செய்யும் இந்தக் குழம்பை உலகத்தில் வேறு எங்கும் நான் சாப்பிட்டதில்லை. கடைக்கார அம்மா என் தட்டைப் பார்த்து, "இன்னா சார், நாஷ்டாவே இவ்ளோதானா?" என்று கேட்காமலே இரண்டு இட்லியைப் போட்டார். அதன் பிறகு ஏறிய பஸ் பாதி வழியில் டயர் வெடித்து நின்றது. யாரும் சலித்துக்கொள்ளவில்லை. ஆண்கள் இறங்கி ஜாக்கியைச் சுற்றி நின்று ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். நானும் ஒன்று சொன்னேன், அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் டிரைவர் செய்து பார்த்தார்.

பட்டறைக்குள் நுழைந்தபோது எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டுக் குழாயைச் சுற்றி நின்றிருந்தார்கள். முன்னால் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், பெயிண்ட் கறை படிந்த கைகளைத் துடைத்துக்கொண்டு நின்றார். பெயின்டர் இருதயராஜ் என்று ஆறுமுகம் அறிமுகப்படுத்தினார். பக்கத்துக் கிறிஸ்தவக் கிராமத்துக்காரர், இருபது வருஷம் பஸ்ஸுக்கு பாடி கட்டும் பட்டறையில் பெயிண்ட் அடித்தவர். செய்தித்தாளைப் பிரித்தது அவர்தான்.

உள்ளே என் முகம் தெரிந்தது.

பக்கவாட்டு வெளிச்சத்தைத் தடுக்க உள்சுவரில் வைத்த ஆறு தகட்டு வளையமும், வளையங்களுக்கு நடுவே இருந்த சுவரும், கல்யாண வீட்டுப் புதுக் கார் மாதிரி பளபளவென்று மின்னின. கூரை ஓட்டை வழியே வந்த வெயில் அதில் பட்டு நாலு பக்கமும் சிதறிக்கொண்டிருந்தது. வெளிச்சத்தைத் தின்ன வேண்டிய குழாய், வெளிச்சத்தைத் திருப்பித் துப்பிக்கொண்டிருந்தது.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் உட்கார்ந்திருக்கும். கத்திவிட்டேன். நாங்கள் அனுப்பிய ஸ்பெஷல் பெயிண்ட் எங்கே, இதை யார் அடிக்கச் சொன்னது, இதற்கு இந்தக் குழாயே தேவையில்லையே என்றெல்லாம் என்னென்னவோ. இருதயராஜ் கையிலிருந்த துணியை மடித்துக்கொண்டே பேசினார்.

"உங்க பெயிண்டுதான் சார் அடிச்சேன். ரெண்டு கோட்டு, நீங்க எழுதுன மாரியே. காஞ்சப்பறம் பாத்தா அடுப்பு மேல கீற சொவுரு மாரி கீது. ஃபாரின் போற சாமான், இப்டியா அனுப்புவாங்கன்னு மனசு கேக்கல. அதுக்கு மேல வார்னிஷ் நாலு கோட்டு போட்டு, வாட்டர் பேப்பர் தேச்சி, மெழுவு போட்டேன். மூணு நாளு வேல சார் அது. யாரும் சொல்லல, நானாத்தான் செஞ்சேன்."

ஆறுமுகம் டிராயிங்கை விரித்து என் முன் வைத்தார். "கறுப்பு ரெண்டு பூச்சுன்னு எழுதியிருக்கு சார். வார்னிஷ் போடக்கூடாதுன்னு எங்கயும் எழுதல." உண்மைதான். அந்த டிராயிங்கை வரைந்தவன் நான். பளபளப்பு கூடாது என்பது எனக்கு மூச்சு விடுவதுபோலத் தெரிந்த விஷயம், அதனால் எழுதத் தோன்றவில்லை. எங்கள் ஊரில் சொல்லாமல் ஒரு பூச்சுகூட யாரும் கூடுதலாகப் போட மாட்டார்கள். கேட்காமலே இரண்டு இட்லி போடுகிற ஊர் இது என்பதைக் காலையிலேயே நான் பார்த்திருந்தேன், ஆனால் யோசிக்கவில்லை.

அனுப்பிய டப்பாக்கள் காலி. வார்னிஷைக் கரைக்கிற திரவம் அடியில் இருக்கும் கறுப்பையும் கொண்டுபோய்விடும். தொலைபேசிக் கடையில் உட்கார்ந்து சென்னையில் இருக்கும் பெயிண்ட் கடைகளுக்கெல்லாம் பேசினேன். பளபளப்பில்லாத, மேட் ஃபினிஷ் கறுப்பு வேண்டும் என்றால் எல்லாரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: ஆர்டர் கொடுங்கள், பத்து நாளில் வரும். லாட்ஜுக்குப் போகிற வழியில் ஆட்டோக்காரர், "தண்ணி வந்துச்சா சார்?" என்றார். இல்லை, பாறை என்றேன். அவர் உண்மையிலேயே வருத்தப்பட்டார்.

புதன்கிழமை காலை நான் போவதற்கு முன்பே இருதயராஜ் பட்டறை வாசலில் நின்றிருந்தார். "சார், அதுல இன்னா தப்புன்னு எனக்குக் காட்டுங்க. திட்டனது திட்டிட்டீங்க, பரவால்ல. தப்ப கண்ணால பாத்துட்டா அப்பறம் செய்ய மாட்டேன்" என்றார். நேற்றுக் கத்தியதற்கு நான் மன்னிப்புக் கேட்டேன். அதை அவர் காதில் வாங்கிக்கொண்ட மாதிரியே தெரியவில்லை.

குழாயைப் படுக்கவைத்து, தார்ப்பாய் போட்டுப் போர்த்தினோம். பகல் வேளையில் ஒரு இருட்டை உண்டாக்கி அதற்குள் இரண்டு பேரும் தவழ்ந்து போனோம். வெந்துவிடும் போலிருந்தது. டார்ச்சை ஒரு ஓரத்தில் சாய்வாக வைத்து எரியவிட்டேன். சுவர் முழுவதும் டார்ச்சுகள் எரிந்தன.

"அண்ணே, நீங்க போட்ட பாலிஷ் உசத்திதான். ஆனா இந்தக் குழாய் வழியா வரப்போற வெளிச்சம் எங்கிருந்து வருது தெரியுமா? மனுஷன்னு ஒருத்தன் பிறக்கிறதுக்கு முன்னால புறப்பட்டது. வந்து சேரும்போது இவ்வளவூண்டு மிச்சம். அது பக்கத்துல ஒரு தீக்குச்சி வெளிச்சம் இருந்தாக்கூட அது தொலைஞ்சி போயிடும்" என்றேன்.

அவர் டார்ச்சை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். வியர்வை அவர் மூக்கிலிருந்து சொட்டியது. பிறகு, "இது கரும்பலக மேட்டரு சார்" என்றார்.

வெளியே வந்து தண்ணீர் குடித்துவிட்டு விளக்கினார். அவர்கள் ஊர் மாதா கோவில் பள்ளிக்கூடத்துக்கு ஒவ்வொரு ஜூன் மாதமும் கரும்பலகைக்குப் பெயிண்ட் அடிப்பது அவர்தான். ஒரு வருஷம் பார்க்க அழகாக இருக்கட்டும் என்று எனாமல் அடித்துவிட்டார். ஜன்னல் வெளிச்சம் பலகையில் பட்டுக் கூசி, பாதி வகுப்புக்கு எழுத்தே தெரியவில்லை. தலைமை ஆசிரியையான சிஸ்டர் கூப்பிட்டனுப்பி, பிள்ளைகளோடு பெஞ்சில் உட்காரவைத்து, படியுங்கள் பார்ப்போம் என்றாராம். "அப்பலேந்து போர்டு பெயிண்டுல தேங்கா ஓட்டுக் கரிய துணில சலிச்சிக் கலந்து அடிப்பேன். எந்தப் பக்கம் ஒக்காந்தாலும் தெரியும். அத இங்க அடிச்சா இன்னா?" என்று கேட்டார்.

கரித்தூள் உதிர்ந்து கண்ணாடியில் விழுந்தால் என் கதை அதோடு முடிந்தது. ஆனால் வேறு வழி என்னிடம் எதுவும் இல்லை. சரி என்றேன்.

கரும்பலகை பெயிண்ட் ஸ்ரீபெரும்புதூரில் கிடைக்கவில்லை. அது பள்ளி திறக்கும் மாதத்துச் சரக்கு, இப்போது யார் வாங்குவார்கள் என்றார் கடைக்காரர். சிங்கப்பெருமாள் கோவில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கடையில் இருக்கும் என்று தெரிந்து, முதலாளியின் மொபெட்டில் நானும் இருதயராஜும் போனோம். இரண்டு டப்பா கிடைத்தது. திரும்பும்போது பெட்ரோல் தீர்ந்தது. வளைகுடாவில் சண்டை நடந்துகொண்டிருந்த நேரம், பெட்ரோல் பங்க் எல்லாவற்றிலும் ஸ்டாக் இல்லை என்று குறுக்கே கயிறு கட்டியிருந்தார்கள். கடைசி இரண்டு மைல் மொபெட்டைத் தள்ளிக்கொண்டு நடந்தோம்.

"உங்க மெஷின்ல நிலா எவ்ளோ பெருசா தெரியும் சார்?" என்று கேட்டார்.

"நிலாவைப் பாக்கிறதே இல்லைண்ணே. அது ரொம்ப வெளிச்சம். நிலா இருக்கிற ராத்திரி எங்க ஆளுங்களுக்குப் பிடிக்காது."

"அப்போ இன்னாத்த பாப்பீங்க?"

"ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கிற இடத்தைத்தான். ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே இருந்தா அங்க ஏதாவது தெரியும்."

அவர் மொபெட்டை ஒரு பள்ளத்தைச் சுற்றித் தள்ளினார். "அப்போ உங்களுக்கு மொதல் சாமானே இருட்டுதான்" என்றார். பதினோரு வருஷமாக நான் சம்பளம் வாங்கும் தொழிலை இவ்வளவு சுருக்கமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. அந்த இடத்தில் அந்த மனிதர் மேல் எனக்கு மரியாதை வந்துவிட்டது.

பட்டறையில் மற்றவர்கள் உள்பக்கத்தைத் தேய்க்கத் தயாராக நின்றார்கள். இருதயராஜ் யாரையும் விடவில்லை. தானே உப்புக்காகிதத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். மூன்று நாள் பாலிஷை அன்று மாலைக்குள் அவரே தேய்த்து மங்கவைத்தார். வெளியே வந்தபோது தலைமுடி முழுக்கச் சாம்பல் நிறம். என்னைப் பார்த்து, "இப்போ நானும் மேட்டு ஃபினிஷ் சார்" என்றார்.

ஒரு இரும்புத் தகட்டில் கரி கலந்த பெயிண்டை அடித்துக் காயவைத்துப் பார்த்தோம். டார்ச் அடித்தால் வெளிச்சம் அப்படியே அமுங்கிப்போனது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பிறகு என் வெள்ளைக் கைக்குட்டையை அதில் தேய்த்தேன். கைக்குட்டை கறுத்துவிட்டது. நான் பயந்த உதிரல் அதுதான். இரவு பரோட்டா வாங்கி வைத்துக்கொண்டு சாப்பிடாமல் படுத்தேன். நான் பொறுப்பு என்று சொன்னபோது எங்கள் இன்ஜினியர் முகம் போன போக்கு திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது.

வியாழக்கிழமை காலையில் போனால் பட்டறைச் சுவரோரம் ஏழு தகடுகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. இருதயராஜ் விடியற்காலையிலேயே வந்துவிட்டாராம். ஐந்தாவது தகட்டை எடுத்து என்னிடம் நீட்டினார். கைக்குட்டையைத் தேய்த்தேன். வெள்ளையாகவே இருந்தது. இன்னும் அழுத்தித் தேய்த்தேன். அப்போதும் வெள்ளை.

"கரிய பாதியா கொறச்சிட்டேன். ஒட்டறதுக்கு அந்த வார்னிஷையே துளி வுட்டேன் சார். கெடுத்ததே அதான, அதே வந்து புடிச்சி நிக்கட்டும்னு" என்றார். கரியைக் குறைத்தும் பளபளப்பு எப்படி வரவில்லை என்று கேட்டேன். பெயிண்ட் பீய்ச்சும் துப்பாக்கியைத் தள்ளிப் பிடித்து அடித்தாராம். பெயிண்ட் காற்றிலேயே பாதி காய்ந்துபோய், போய் ஒட்டும்போது சொரசொரப்பாக ஆகிவிடும். "பஸ் பட்டறைல இந்த மாரி யாருனா அடிச்சா நான் காது கிழிய திட்டுவேன். இருவது வருசமா தப்புன்னு சொல்லிக்கினு இருந்தத இன்னிக்கி வேணும்னே செய்றேன்."

ஒரு வேலையில் கைதேர்ந்தவரால்தான் அதன் தப்பை இத்தனை அளவாகச் செய்ய முடியும். அன்று பகல் முழுவதும் முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு அவர் அடித்தார். ஒவ்வொரு வளையத்துக்கும் பின்பக்கம், முன்பக்கம், ஓரம். நான் பக்கத்தில் நின்று விளக்கைப் பிடித்தேன். அந்த ஒரு நாள் நான்தான் அவருடைய எடுபிடி. மதியம் ஆறுமுகம் வீட்டிலிருந்து வந்த தயிர் சாதத்தை மூன்று பேரும் ஒரே தூக்குச்சட்டியிலிருந்து பங்கு போட்டுச் சாப்பிட்டோம்.

வெள்ளிக்கிழமை நடுப்பகலில் மறுபடி தார்ப்பாயைப் போர்த்தி உள்ளே போனோம். டார்ச்சை எரியவிட்டேன். டார்ச் ஒன்றுதான் தெரிந்தது. சுவர் இல்லை, வளையம் இல்லை. கையை நீட்டித் தொட்டால்தான் அங்கே இரும்பு இருக்கிறது என்று தெரிந்தது. நான் இதுவரை பார்த்த எந்தத் தொலைநோக்கியிலும் இதைவிட நல்ல இருட்டைப் பார்த்ததில்லை. அண்ணே, பிரமாதம் என்றேன். இருட்டில் அவர் முகமும் தெரியவில்லை.

"என் வேல எங்க சார் கீது? ஒண்ணும் தெர்லியே" என்றார்.

"தெரியாம இருக்கிறதுதான்ணே உங்க வேலை."

"அது சரி" என்றார் மெதுவாக.

வெளியே வந்ததும் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். அவர் பெயிண்ட் அடித்த ஒவ்வொரு பஸ்ஸிலும் டிரைவர் படிக்குப் பக்கத்தில், ஒவ்வொரு லாரியிலும் பின்பலகையின் ஓரத்தில், இ.ரா. என்று இரண்டு எழுத்துப் போட்டுவிடுவது வழக்கம். இந்தச் சாலையில் ஓடுகிற வண்டிகளில் பாதியில் அது இருக்கும். "உள்ள ஒரு மூலைல போட்டுக்கட்டா சார்? சின்னதா."

முடியாது என்றேன். உள்ளே கண்ணுக்குத் தெரிகிற எதுவும் இருக்கக்கூடாது, ஒரு புள்ளிகூட. வேண்டுமானால் மரப்பெட்டியின் மேல் பெரிதாக எழுதுங்கள் என்றேன். "பொட்டிய ஒடச்சி எறிஞ்சிருவாங்க சார்" என்றார். உள்ளே மட்டும் வேண்டாம் அண்ணே என்றேன். சரி சார் என்றவர், தார்ப்பாய்க் கயிறு உரசிய இடத்தில் தூரிகையால் கொஞ்சம் தொட்டுவிட்டு வருகிறேன், பத்து நிமிஷம் என்றார். நான் டீ குடிக்கப் போனேன்.

லாரி வந்ததும் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். கற்பூரம் ஏற்றும்போது மட்டும், புகை பெட்டிப் பக்கம் போகாமல் தள்ளி நின்று ஏற்றச் சொன்னேன். மூன்று பேர் காற்றுக்குக் குறுக்கே நின்று மறைத்துக்கொண்டார்கள். இருதயராஜ் பெட்டியின் மேல் கையை வைத்துக் கண்ணை மூடிச் சிலுவை போட்டுக்கொண்டார். தண்டலம் தாண்டும்வரை நான் லாரியின் முன்சீட்டிலிருந்து தலையை நீட்டிப் பின்னால் பார்த்துக்கொண்டே போனேன். சனிக்கிழமை அது கப்பலில் ஏறியது. லாட்ஜைக் காலி செய்து கிளம்புகையில் ஆட்டோக்காரர் ஓடிவந்து கேட்டார். தண்ணீர் வந்துவிட்டது என்றேன். "நான்தான் சொன்னேனே சார்" என்றார்.

ஏப்ரலில் கண்ணாடியைக் கழற்றிப் பூச்சு போட்டு, குழாயை அதன் நடுவில் நிறுத்தினோம். முதல் படம் வந்த அன்று எங்கள் தலைமை இன்ஜினியர் அதை விளக்குக்கு எதிரே பிடித்து நெடுநேரம் பார்த்தார். வானம் இத்தனை கறுப்பாக வந்து நான் பார்த்ததில்லை என்றார். அவர் வாயிலிருந்து அதைவிடப் பெரிய பாராட்டு வராது.

மறுநாள் கடைசிப் பரிசோதனை. பருத்திக் கையுறை போட்டுக்கொண்டு குழாய்க்குள் ஏறி, ஒவ்வொரு வளையத்தையும் தடவிப் பார்த்துப் படிவத்தை நிரப்ப வேண்டும். நான்காவது வளையத்தின் பின்பக்கத்தில் விரலுக்கு ஏதோ தட்டுப்பட்டது. டார்ச்சை நேராக அடித்தேன், சாய்த்து அடித்தேன். கறுப்பைத் தவிர ஒன்றுமில்லை. கையுறையைக் கழற்றிவிட்டு வெறும் விரலால் மெதுவாகத் தடவினேன். தூரிகையால் பூச்சின் மேல் பூச்சாக ஏற்றி, கறுப்பின் மேல் கறுப்பாக இரண்டு எழுத்து. இ. பக்கத்தில் ரா. இரண்டுக்கும் புள்ளி வைத்திருந்தார்.

நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கீழே இருந்து இன்ஜினியர் குரல் கொடுத்தார், என்ன ஆயிற்று என்று. ஒன்றுமில்லை, முடிந்துவிட்டது என்றேன்.

படிவத்தின் கடைசிக் கேள்வி, உட்புறத்தில் கண்ணுக்கு ஏதாவது தெரிகிறதா என்பது. எதுவும் தெரியவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நான் எழுதியதில் பொய் இல்லை.